மாடிப்படியில் மிளகு

"உங்க நாயால எனக்கு மாடிப்படியில நிம்மதியா ஏறி இறங்க முடியல, செல்வகுமார்!"

மாடியில் குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் இராமதாஸ், கீழே செல்வகுமார் வீட்டு வாசலில் நின்று கத்தினார். பக்கத்தில் அவருடைய லேப்ரடார், பரோன். கன்றுக்குட்டி மாதிரி உடம்பு. மூக்கில் ரத்தக் கீறல்.

கீறினது செல்வகுமாரின் நாய் மிளகு. தூக்கிப் பார்த்தால் ஒரு நாட்டுக்கோழி எடை தேறாது. அந்த உடம்பை வச்சுக்கிட்டு பரோன் மேல் பாய்ந்திருக்கிறது. இது முதல் தடவையும் இல்லை. மிளகுன்னு பேரு வச்சதே தப்போ என்னவோ!

"அசி!" என்றார் இராமதாஸ். பிரான்சில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர், நாயிடம் பிரெஞ்சில்தான் பேசுவார். பரோன் உடனே உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? அவ்ளோ பெருசு, எவ்ளோ மரியாதை! உங்களுது? பொம்பளைங்க, பசங்க நடமாடுற வீடு இது. நாளைக்கு யாரையாவது கடிச்சு வச்சா? ஞாயித்துக்கிழமைக்குள்ள நாயை அனுப்புங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க."

செல்வகுமார் காலில் விழாத குறைதான். நெல்லித்தோப்பில் இந்த வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

"அனுப்பிடறேன் சார். மன்னிச்சிடுங்க சார்."

உள்ளே வந்ததும் கோபம் மொத்தமும் மனைவி கலைவாணி பக்கம் திரும்பியது.

"எல்லாம் நீ குடுக்கற செல்லம்! நான் புடிச்சிட்டுப் போனா வாலை ஆட்டிக்கிட்டு சாதுவா வருது. உன் கையில இருந்தா மட்டும் இன்னாத்துக்கு அந்த ஆட்டம் ஆடுது? மொட்டை மாடியில துணி காயப்போடப் போறவளுக்கு நாய் எதுக்குன்றேன்?"

"கூட வந்தா நல்லதுங்க. அவரு வீட்டு வாசலைத் தாண்டித்தான போவணும்... அவரு..."

"அவருக்கு இன்னா? தங்கமான மனுஷன். வாய்க்கு வாய் உன்னைப் பொண்ணு மாதிரின்றாரு. அவரு நாயைப் போய்க் கீறி வச்சிருக்கு இது!"

கலைவாணி மெதுவாகக் கேட்டாள்.

"வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிடலாமாங்க?"

"ஒரு நாய்க்காகவா? பொண்ணு ஸ்கூலு அடுத்த தெருவுல இருக்கு. புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"அப்ப டாக்டர்கிட்டயாவது ஒரு வாட்டி காட்டலாங்க."

சரி, காட்டித் தொலைப்போம் என்று கிளம்பினான்.

கால்நடை டாக்டர் இஃப்ஃபத்தின் கிளினிக்கில் பரோனைவிடப் பெரிய நாய் ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்தது. செல்வகுமார் வாசலிலேயே தயங்கினான். போச்சு, இங்கேயும் மானம் போகப்போகுது!

ஒன்றும் ஆகவில்லை. கயிறு கலைவாணி கையில்தான் இருந்தது. மிளகு அந்தப் பெரிய நாயை மோந்து பார்த்துவிட்டு பெஞ்சுக்கு அடியில் சுருண்டுகொண்டது. கலைவாணி குனிந்து பெரிய நாயின் காதைச் சொறிந்துகொடுத்தாள்.

டாக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சின்ன நாய் பெரிய நாய் மேல பாயறது திமிர்ல இல்ல சார், பயத்துல. அது நம்மள ஏதாவது பண்றதுக்கு முன்னால நாம முந்திக்கணும்னு நினைக்கும். ஆனா உங்க மிளகு பயந்த நாயாத் தெரியலயே."

"அப்புறம் ஏன் டாக்டர் வீட்டுல மட்டும் அப்படிப் பாயுது?"

"கயிறு புடிச்சிருக்கவங்க பயந்தாலும் அப்படி ஆகும். கை இறுகும். கயிறு வழியா அது நாய்க்குத் தெரிஞ்சிடும். நம்ம ஆளுக்கு ஆபத்துன்னு நினைச்சு முன்னால போய் நிக்கும்."

செல்வகுமார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"அப்படிச் சொல்லுங்க! பயந்தாங்கொள்ளி இவதான். பழி நாய்க்கு!"

டாக்டர் சிரிக்கவில்லை. கலைவாணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிளகை ஸ்கூட்டரில் வைத்து தவளக்குப்பத்துக்குக் கொண்டுபோனான். அண்ணன் ராஜவேல் வீட்டுக் கொல்லையில் கட்டிவிட்டுத் திரும்பினான். பின்னாலேயே அது போட்ட சத்தத்தில் மனசு என்னவோ பண்ணியது. என்ன செய்ய? வீடு வேணுமே.

வாசலிலேயே இராமதாஸ் நின்றிருந்தார். தோளில் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க. அடுத்த வாரம் உங்களுக்கு நைட் ஷிப்ட்தானே?"

"ஆமா சார்."

"வீட்டைப் பத்திக் கவலைப்படாம போங்க. மேல நான் இருக்கேன்ல?"

செல்வகுமாருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் யாருக்குக் கிடைப்பார்!

உள்ளே போனான். துவைத்த துணி பக்கெட்டிலேயே கிடந்தது. கலைவாணி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மிளகின் கயிறு அவள் மடியில் கிடந்தது.

"இன்னும் காயப்போடலியா? வெயில் போவுது பாரு. பயமா இருந்தா சொல்லு, பரோனை உள்ள கட்டி வைக்கச் சொல்றேன்."

"பரோன் பாவங்க. அது என்னை ஒண்ணும் பண்ணதில்ல."

"அப்புறம் இன்னா?"

அவள் அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"படியை அடைச்சுக்கிட்டு நின்னு, அவரு என் மேல கையை வைக்க வரும்போதுதாங்க மிளகு பாயும். குறுக்க நின்ன பாவத்துக்கு பரோனுக்குக் கீறல் பட்டுச்சு. இனிமே அந்தப் படியில எனக்காக யாருங்க குரைப்பா?"