அரசன் பாடும் வேகம்

கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை மரியநேசன் கையால் சுற்றினான். பின்சில்லில் உரசிய டைனமோவிலிருந்து வயர் வழியே கரண்ட் ஓடியது. செத்து முப்பத்தொரு நாளான கூத்து ராசா வஸ்தியான், கதிரையில் வைத்திருந்த ரேப் ரெக்கோடருக்குள்ளிருந்து பாடத் தொடங்கினான்.

பாடினான் என்றா சொல்வது? அணில் மாதிரிக் கீச்சிட்டான்.

"டேய், மெல்லச் சுத்தடா! ராசா பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஓடுறார்," என்றான் வீரகத்தி. கூத்துக்கு வேஷம் கட்டிவிடுகிறவன். ரேப்பும் அவனுடையதுதான்.

மரியநேசன் மெல்லச் சுற்றவில்லை. இன்னும் இறுக்கிச் சுற்றினான்.

நாயாற்றுக் கரையில், கிடுகுப் பந்தலுக்குக் கீழே, நினைவுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து சனம் குந்தியிருந்தது. பூசை வைத்த சுவாமியாரும் போய்விட்டார். மாலை போட்ட படத்தில் வஸ்தியான் ஜிகினாக் கிரீடமும் ஒட்டுமீசையுமாக எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தான். வேறு படம் இல்லை. பாவி, சொந்த மூஞ்சியோடு ஒரு படம் எடுக்க அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சண்டையும் தடையுமாகி, கரண்டும் பற்றரியும் வன்னிக்குள் வராமல் எட்டு வருசம். பாட்டுக் கேட்க ஆசையென்றால் யாராவது சைக்கிள் சுற்றத்தான் வேண்டும். அதிலும் வீரகத்தியின் ரேப்பில் வேகத்தைக் கட்டிப்பிடிக்கிற சாமான் எப்போதோ கழன்று போய்விட்டது. கை எந்த வேகமோ, பாட்டும் அந்த வேகம். வேகமாகச் சுற்றினால் குரல் மேலே ஏறும். பிந்தினால் கிணற்றுக்குள் இறங்கும்.

சுடலைமுத்து இரண்டு தரம் கைமாற்ற வந்தான். கூத்து நடக்கிற ஊரெல்லாம் பாயோடு போய் முன்வரிசையில் குந்துகிற ரசிகன் அவன். மரியநேசன் விடவில்லை. இருபது வருசம் வஸ்தியானுக்கு மத்தளம் அடித்த கை, தாளம் தப்பாது என்றான்.

அது சாட்டு. உண்மை வேறு. அது தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் மண்ணுக்குள் கிடந்தான். மற்றவன் சைக்கிள் சுற்றிக்கொண்டிருந்தான்.

இந்தக் கசெற் பதிந்த திருநாளன்று, காலை முழுக்கக் கரைவலை இழுத்துக் கத்தியதில் வஸ்தியானுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காற்றுத்தான் வந்தது. அரச வேஷத்துக்கு வேறு ஆள் இல்லை. ஆகவே அவன் மேடையில் வாளைச் சுழற்றி வாயை மட்டும் அசைத்தான். மத்தளத்துக்குப் பின்னால் குனிந்திருந்து, மைக்கை மடிக்குள் ஒளித்துக்கொண்டு, விடிய விடியப் பாடியது மரியநேசன். குழாய் ஸ்பீக்கரில் யார் பாடினாலும் சனத்துக்கு ஒன்றுதான். ஊர் வஸ்தியானுக்குக் கைதட்டியது. வெளியே சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவன் கிரீடத்தைக் கழற்றினான்.

ஆனால் கசெற் பொல்லாத சாமான். வஸ்தியானுக்குக் கணீரென்ற மேற்குரல், மரியநேசனுக்குக் கட்டைக்குரல். கை கொஞ்சம் தளர்ந்தால் போதும், அதற்குள்ளிருந்து மரியநேசனே எழும்பி வந்துவிடுவான்.

எதிரே அருளம்மா இருந்தாள். வஸ்தியானின் பெண்சாதி. இரண்டு இடப்பெயர்விலும் சட்டி பானையை விட்டுவிட்டு இந்தக் கசெற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காவித் திரிந்தவள். புருசனோ உயிரோடு இருந்தவரை ஏதாவது சாக்குச் சொல்லி அதைப் போடவே விடவில்லை. ஒருக்கால் கேட்டால் போதும் என்று ஒரு மாதமாக மரியநேசனிடம் கெஞ்சினாள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது? நெஞ்சு வெடித்துவிடாதா?

அதுதான் தோள் கழலக் கழலச் சுற்றினான். கொஞ்சம் தணித்து, கொஞ்சம் ஏற்றி, ஓரிடத்தில் அச்சொட்டாக வஸ்தியானைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அவனேதான்!" என்று சுடலைமுத்து அழுதான்.

மகனைப் பறிகொடுத்த அரசன் புலம்புகிற பாட்டு. அரசன் மூச்சு விடாமல், நாய் துரத்தினவன் போலப் புலம்பினான். சனமும் ஈடுகொடுத்து அவசரமாக அழுதது. மரியநேசனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் கை ஒழியவில்லை.

அப்போது சங்கிலி கழன்றது.

"மகனே" என்று எடுத்த அரசன் மாடு கதறுவதுபோல் இழுபட்டு அடங்கிப்போனான். சுடலைமுத்து "முருகா!" என்று எழும்பி நின்றான். வீரகத்தி சங்கிலியை மாட்டிவிட்டு, கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "ம், சுத்து," என்றான்.

மரியநேசன் சுற்றினான். கையில் சத்தில்லை. எவ்வளவு உன்னியும் சில்லு ஆறுதலாகத்தான் உருண்டது. பந்தலுக்குள் ஒரு கட்டைக்குரல், தடித்து, கனிந்து, பரவியது.

சனம் ஆளை ஆள் பார்த்தது.

"இது ஆரின்ர குரலடா?" என்றான் வீரகத்தி.

மரியநேசன் கடைசிப் பலத்தையும் திரட்டி மிதியை அமத்தப் போனான்.

அருளம்மா எழும்பி வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"வேண்டாம் அண்ணை, இந்த வேகத்திலயே விடுங்கோ. இது பதிஞ்ச அண்டைக்குக் கூத்தில இந்தக் குரலைக் கேட்டுத்தான் அவரைக் கட்ட ஓமெண்டு சொன்னனான். கட்டினாப் பிறகு ஒருநாளும் அவருக்கு இது வரேல்லை."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பாட்டில் பிற்பாட்டுப் பாடுகிற இடம் வந்தது. வீரகத்தி முழங்கையால் இடித்து, நீயும் சேர்ந்து பாடு என்றான். மரியநேசன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். வாயை இறுக மூடிக்கொண்டு, அவள் கேட்ட வேகத்தில் சுற்றினான்.