கண்ணுக்குத் தெரியாத உரம்

வெள்ளைக் கொடிப் பக்கத்தின் கடைசி மூட்டை எடை மேடையில் ஏறியதும் மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வயல் அவளுடையது. சோதனை மருமகளுடையது.

மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு வரப்பு. இந்தப் பக்கம் வெள்ளைக் கொடி, அந்தப் பக்கம் சிவப்புக் கொடி. ஒன்றுக்கு வழக்கமான உரம். இன்னொன்றுக்கு மருமகள் ஆய்வுக்கூடத்தில் மிக நுண்ணிய துகள்களாக உருவாக்கிய நானோ உரம், அதுவும் பாதி அளவுதான். இரண்டையும் தண்ணீரில் கரைத்து ஒரே மாதிரி தெளித்தார்கள். எது எந்தப் பக்கம் என்று அறுவடை வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது விதி.

"கண்ணுக்கே தெரியாத உரத்தைப் போட்டா, கண்ணுக்கே தெரியாத சோளந்தான் விளையும், பாத்துக்கோ" என்று மாமியார்தான் முதலில் கேலி செய்தாள்.

கேலி வாயோடு சரி. உள்ளுக்குள் அவளுக்கு ஒரே பயம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெண் ராப்பகல் பார்க்காமல் உழைத்தது இதற்குத்தான். தோற்றால் ஆய்வையே இழுத்து மூடிவிடுவார்கள்.

சிவப்புக் கொடிதான் மருமகளுடையது என்று மாமியார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். வயலுக்கு வந்தால் அவள் அங்கேதானே போய் நிற்கிறாள்!

சோதனையை மேற்பார்வையிட வந்த வேளாண்மை அதிகாரி கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளைக் கொடிப் பக்கம்தான் அதிக விளைச்சல் என்றார்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். பாவி மகள் தோற்றுவிட்டாளே!

நிமிர்ந்து பார்த்தால், மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நிற்கிறாள். அதிகாரி அவளுக்குக் கை கொடுக்கிறார். வெள்ளைக் கொடிதான் நானோ உரமாம்.

மாமியார் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அத்தை, உடம்புக்கு முடியலையா?" என்று மருமகள் ஓடி வந்தாள்.

ஒன்றுமில்லை என்று மாமியார் தலையை ஆட்டினாள். மருமகளைப் பெருமையாகப் பார்த்தாள். சிவப்புக் கொடிப் பக்கம் பயிர் பச்சைப் பசேலென்று ஏற ஏற, மருமகள் முகம் ஏன் சுண்டிப் போனது என்று இப்போதுதான் புரிந்தது. போட்டிப் பயிரை அல்லவா அவள் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறாள்!

வழக்கமான உரத்தை மருமகள் ஜெயித்துவிட்டதாக அதிகாரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழக்கமான உரமாம்! மருமகள் தோற்றுவிடக் கூடாதே என்று, ஊர் எழுந்திருக்கும் முன்னே வந்து வந்து, வீட்டிலிருந்த உரத்தையெல்லாம் சிவப்புக் கொடிப் பக்கம் அள்ளி அள்ளிக் கொட்டியவளுக்கு அல்லவா தெரியும், அவள் எதை ஜெயித்தாள் என்று.