மூன்றாவது சரணம்

இரண்டு சரணம் பாடிக்கொடுத்த வாரமே ஏஞ்சல் மூச்சுத்திணறி இறந்துபோனாள். மூன்றாவது சரணத்தில் மகளின் குரலுக்குப் பதிலாகப் புல்லாங்குழலை வைத்துப் பாட்டை மிக்ஸ் செய்து முடித்தார் ஞானசிகாமணி. ஹெட்போனில் போட்டுக் கேட்டார். புல்லாங்குழல்தான். காரிலும் செல்போனிலும் அதேதான்.

சர்ச் கூம்பு ஸ்பீக்கரில் எடுபடாத பாட்டு பழனிசெட்டிபட்டியில் பாட்டே இல்லை. ஆகவே வழக்கம்போல் கடைசியாகச் சர்ச்சுக்குப் போய் அதிலும் போட்டுப் பார்த்தார்.

மூன்றாவது சரணத்தை ஏஞ்சல் பாடினாள்.

வீட்டிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "பிள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க! பாடவிடாதீக, நிப்பாட்டுங்க!"

ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். வயரையும் பிடுங்கிப்போட்டார். பாட்டு நின்றது. மூச்சிரைப்பு மட்டும் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

மனைவி வீட்டுக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்தாள். டம்ளரை ஏந்திக்கொண்டு, கூம்புக்கு நேர்கீழே அண்ணாந்து நின்றாள்.