சாரோட கை

"இடது கை எங்க போகுது? அது கையா, கரண்டியா? மக்கு, மக்கு!" என்று அப்பா கத்தினார். செல்போனை மேலிருந்து பிடித்துக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கியதில் படம் கொஞ்சம் ஆடியது.

சாப்பாட்டு மேசைமேல் கையுறை போட்ட இரண்டு கைகள், ஒரு சிவப்பு நூல். திரையில் அவ்வளவுதான் தெரியும். முகம் வரக் கூடாது, அம்மா வாயைத் திறக்கக் கூடாது. இவை எங்கள் வீட்டுப் படப்பிடிப்பின் சட்டங்கள்.

அப்பா மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். தையல் முடிச்சுகளைச் சின்னச் சின்ன வீடியோக்களாக மாணவர்களின் குழுவில் போடுவார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கதவுப் பிடியிலும் செருப்பு வாரிலும் முடிச்சுப் போட்டுப் பழகினார்கள். ஒருத்தி பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பையைத் தன் பையோடு கட்டிவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் அவருடைய நிறுத்தத்திலேயே இறங்கினாள்.

"எவ்வளவு பெரிய டாக்டர்! தன்னைத் தானே எப்படித் திட்டிக்கிறார் பாரேன்" என்று அவர்களுக்கு ஒரே வியப்பு.

"டம்ளருக்குள்ள போடுற முடிச்சு ஒண்ணுதான் பாக்கி. ஒத்திகை பார்த்தது போதும், நாளைக்கு எடுத்துடலாம்" என்றார் அப்பா. வயிற்றுக்குள் ஆழத்தில் முடிச்சுப் போட அதுதான் பயிற்சி.

மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த மாணவர்களில் அந்தப் பேருந்துப் பெண்ணும் இருந்தாள். தொட்ட நூலெல்லாம் சிக்கலாவதால் அப்பா அவளுக்கு வைத்த பெயரே 'சிக்கல்'.

"ஏற்கெனவே ரெண்டு தடவை பெயில், ஆன்ட்டி. திங்கக்கிழமை மறுபடி பரீட்சை. டம்ளர் முடிச்சு வரலைன்னா ஒரு வருஷமே போச்சு" என்று விசும்பினாள்.

"வேற வீடியோ எவ்வளவோ இருக்கேம்மா" என்றேன்.

"எல்லாம் பார்த்துட்டேன்க்கா. சாரோட கையைப் பார்த்தாத்தான் என் மண்டையில ஏறும்." எனக்குக் காட்டுவதற்காகப் போனைத் தட்டினாள்.

"மக்கு, மக்கு!" என்று கூடம் அதிர்ந்தது. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த பெரியப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்து, "நான் தூங்கலடா தம்பி" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு இன்னும் அதிகமாக அழுதார்கள்.

அம்மா மட்டும் அசையவில்லை. அன்று முழுக்க அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அந்தக் கை இனிமே வராதே, ஆன்ட்டி" என்றாள் சிக்கல்.

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். ஒரு டம்ளரோடு திரும்பி வந்தாள்.

"தண்ணி வேண்டாம் ஆன்ட்டி."

டம்ளர் காலியாக இருந்தது. அம்மா அதை மேசைமேல் வைத்தாள். மேசை இழுப்பறையில் இருந்த கையுறையை மாட்டிக்கொண்டு, சிவப்பு நூலை நீவி எடுத்தாள்.

"போனைப் பிடிடி" என்றாள் என்னிடம். பிறகு சிக்கல் பக்கம் திரும்பினாள்.

"உங்க சாருக்கு ஆபரேஷன்ல கை உதறினதே இல்ல. போன் கேமராவைக் கண்டாத்தான் உதறும். அழாம கிட்ட வந்து பாரு. நீ இத்தனை நாளும் பார்த்தது என் கைதாம்மா."