பன்னிரண்டு புள்ளி இரண்டு

செல்லம்மா மேடையேறி மைக்கைப் பிடுங்கியபோது யாரும் தடுக்கவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிறவளிடம் யார் வாய் கொடுப்பார்கள்?

"இன்னா நாயம் இது?" என்றாள்.

விஷயம் இதுதான். திருவொற்றியூர் ஓட்டக் கழகம் ஒன்று நாலு வருஷமாக ஓர் ஆசை காட்டிக்கொண்டிருந்தது. நூறு மீட்டரில் கழகத்தின் சாதனையை முறியடிக்கும் பெண்ணை பெங்களூர் பயிற்சி முகாமுக்குத் தங்கள் செலவில் அனுப்புவார்களாம். இருபது வயதுக்குள் இருக்க வேண்டும்.

சாதனை ராயபுரம் ஹில்டாவுடையது. 1987-ல் ஓடியது, பன்னிரண்டு புள்ளி இரண்டு வினாடி. இன்று வரை எவளும் அதைத் தொடவில்லை.

செல்லம்மாவின் மகள் நர்மதா இன்று ஓடியது பன்னிரண்டு புள்ளி மூன்று. அடுத்த மாசம் அவளுக்கு இருபது முடிகிறது. இனி வாய்ப்பே இல்லை.

தோற்றதைக்கூட செல்லம்மா பொறுத்திருப்பாள். செயலாளர் பக்தவச்சலம் பேசினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஹில்டா அந்தக் காலத்தில் கரித்தூள் கொட்டிய தடத்தில் வெறுங்காலோடு ஓடினாராம். இன்றைக்கு ரப்பர் தடம், ஆணி வைத்த ஷூ, முட்டை, புரோட்டீன் பவுடர், இத்தனை இருந்தும் முடியவில்லையாம். அந்தக் காலத்துப் பெண்களின் உடம்பே வேறாம். கூட்டம் கைதட்டியது. நர்மதா இன்னும் மூச்சு வாங்கியபடி தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"முட்டையாம் முட்டை. வெடிகாலைல என்னோட ஐஸ் பொட்டி தூக்கிகினு வந்துட்டு, அப்பால ஓடற பொண்ணு இது" என்று செயலாளரை ஒரு பிடி பிடித்தாள் செல்லம்மா. அன்றைக்கு ஒரு மனுஷன் கையால் அமுக்கிய வாட்சையும், இன்றைக்கு நூலிழை பிசகாத மெஷினையும் எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்றும் கேட்டாள். நல்ல கேள்விதான். 

பிறகு சிறப்பு விருந்தினர் நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த ஹில்டாவிடம் திரும்பினாள்.

"நாலு வருசமா வர்ற. பொன்னாடைய வாங்கினு போற. அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேறன்னு ஒரு வார்த்தை சொன்னியாக்கா? உன் பேரு போயிடும்னு பயம். என் பொண்ணு பொழப்பு போனா உனக்கு இன்னா?"

ஹில்டாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த ஓட்டத்தால்தான் எண்ணூரில் ஒரு கம்பெனியில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்து, போன மாசம்தான் ரிட்டயர் ஆனாள். நர்மதாவைப் பார்த்தாள். பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு மைக் அருகில் வந்தாள்.

"அந்தப் பன்னெண்டு புள்ளி ரெண்டு பொய்" என்றாள்.

எப்படி என்றும் சொன்னாள்.

அன்றைக்குக் கழகத்தில் இருந்ததே ஒரு வாட்ச். அதைப் பிடிப்பவர் எல்லைக் கோட்டில் நிற்பார். ஓட்டம் தொடங்கும் அந்தக் கோடியில் துப்பாக்கி வெடிக்கும்போது புகையைப் பார்த்து வாட்சை அமுக்க வேண்டும். சத்தம் வந்து சேரும்வரை காத்திருந்தால் கணக்கில் பத்தில் மூன்று பங்கு வினாடி காணாமல் போய்விடும். அன்றைக்கு அவர் வேண்டுமென்றே சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"என் நெஜமான ஓட்டம் பன்னெண்டரை. எங்க மளிகைக் கடை நொடிச்சுப்போயிருந்த நேரம். எனக்குக் கீழ மூணு தங்கச்சிங்க. அந்த வேலைக்குப் பன்னெண்டு புள்ளி ரெண்டு கேட்டாங்க. நான்தான் அவர் கால்ல விழுந்து அழுதேன். தப்பு என்னோடது. நர்மதா என்னைவிட வேகமா ஓடுற பொண்ணு."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் மனசு இறங்கியிருக்கும். செல்லம்மாவுக்கு ஏறியது. நாலு வருஷம் மகள் சிந்திய வேர்வை கண்முன்னே வந்து நின்றது.

"திருடி" என்றாள். "வாட்சைப் புடிச்ச அந்தப் பொறம்போக்கு எவன்? அவன் கை புழுத்துப் போவ. எத்தினி பொண்ணுங்க சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்கீறான்."

"அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு, செல்லம்மா. விட்டுடு."

"இன்னாத்துக்கு வுடணும்? பேரைச் சொல்லு."

"மறந்துபோச்சு."

"சோறு போட்டவன் பேரே மறந்துபோச்சா? நன்றி கெட்டவளே."

ஹில்டா திட்டு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டாள். அதுவும் செல்லம்மாவுக்கு நெஞ்சழுத்தமாகத்தான் பட்டது.

பக்தவச்சலம் வேர்த்துப்போய், அலுவலக அறையிலிருந்து பழைய ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். 1987-ஆம் வருஷத்துத் தாளை எடுத்து, எல்லார் முன்னாலும் அந்தச் சாதனையைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். முகாமுக்கு நர்மதா போவாள் என்று அறிவித்தார். நர்மதா அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

ஹில்டா அவசரமாகத் தாளை மடித்தாள். "அதான் அடிச்சாச்சே சார், உள்ள வெச்சிடுங்க" என்றாள்.

அந்த அவசரம் செல்லம்மாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. மகளை விலக்கிவிட்டு வெடுக்கென்று தாளைப் பறித்தாள். ஹில்டா அவள் கையைப் பிடித்து, "வேணாம்மா, சொன்னா கேளு" என்று கெஞ்சினாள்.

"நீ கம்முனு இரு. ஊருக்கே அவன் பேரைப் படிச்சுக் காட்டுறேன்" என்று செல்லம்மா தாளை விரித்தாள்.

நேரம் கணித்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. செல்லம்மா ஒன்றாம் வகுப்பிலிருந்து வாங்கிய ஒவ்வொரு ரேங்க் கார்டிலும் அவள் அப்பா போட்டுத் தந்த அதே கையெழுத்து.