ஏற்றியது இரண்டு பேர்

கோவர்த்தனன் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். மலையிலிருந்து காயம்பட்ட சிப்பாய்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. சொந்த ஊரான சத்தியவேட்டுக்குத் திரும்பிவந்த பிறகும் அப்படிப் பறந்துபோய் வந்த ஒரு நடை மட்டும் அவரை நிம்மதியாக உட்காரவிடவில்லை. சோற்றில் கை வைத்தபடியே மனைவி தாட்சாயணியிடம் சொல்வார்.

"ஏத்தினது ரெண்டு பேரு. எறங்கினது மூணு பேரு. மூணாவது ஆளுக்கு வலது கால்ல மட்டும் பூட்ஸ். ஒண்ணும் பேசாம நடந்துகினே பூட்டான்."

"துன்னுட்டு எண்ணுங்க," என்பாள் அவள்.

மாநில எல்லைத் தகராறில் பஸ் ஓடாத ஒரு நாளில் அவர் இறந்துபோனார். சித்தூர், திருப்பதி உறவுக்காரர்கள் யாராலும் வர முடியவில்லை. தம்பி முனிகிருஷ்ணனும் அக்கம்பக்கத்து ஆண்கள் மூவரும்தான் பாடையைத் தூக்கிப் போனார்கள். கூடப் போக வேறு ஆளில்லை.

மதியம் திரும்பியவர்கள் வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"வழி பூரா பாரமே தெரியல அண்ணி," என்றான் முனிகிருஷ்ணன்.

தாட்சாயணி நிமிரவில்லை. சிமெண்டுத் தரையில் பதிந்த ஈரத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரின் வெறுங்கால்கள். அவற்றை ஒட்டியே ஐந்தாவதாக ஒருவர் வந்திருந்தார். இடது காலின் ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன. வலது காலில் பூட்ஸ்.