சாப்பிடறியா என்று கேட்ட மெயில்

"தொடாதே! தொட்டா போச்சு!"

கலைவாணி போட்ட சத்தத்தில், மகள் தேவிப்ரியா கையிலிருந்த போன் நழுவி, விற்பனைக்கு மடித்து வைத்திருந்த பட்டுப்புடவை மேல் விழுந்தது.

"என்னம்மா நீ! துளசியோட கல்யாணப் பத்திரிகைம்மா. பொண்ணு கல்யாணம்னு சூரத்துலேர்ந்து மாமா மெயில்ல அனுப்பியிருக்காரு. நம்ம புடவை ஆர்டர் வருமே, அந்த மெயிலுக்கு."

"கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லித்தான் அனுப்பறானுங்க. தொட்டவுடனே போன்ல இருக்கிறதெல்லாம் அவன் கைக்குப் போயிடும். டி.வி.யில தெனமும் சொல்லிக்கினுதானே இருக்காங்க?"

"மாமா பேர்லதான் வந்திருக்குது."

"பேரை யாரு வேணாலும் போட்டுக்கலாம். அட்ரஸைப் பாரு."

தேவிப்ரியா பார்த்தாள். புது அட்ரஸ். மாமா பேருக்குப் பின்னால் வால் மாதிரி ஏதேதோ நம்பர்.

"பார்த்தியா? இப்ப படி. தொடாம படி."

"'அன்புத் தங்கச்சி கலைவாணிக்கு, நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடறியா? துளசிக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. நீ வராம எப்படி? கீழே தொட்டா பத்திரிகை வரும். உடனே பதில் போடு.'"

கலைவாணி ஜெயித்துவிட்டவள் போலச் சிரித்தாள்.

"திருட்டு மெயிலேதான்! எங்க அண்ணன் பொறந்ததிலேர்ந்து என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதே கிடையாது. 'என்ன', 'சரி', 'போனை வெய்யி', அதுக்கு மேல வாயில ஒண்ணும் வராது. இதுல அன்புத் தங்கச்சியாம்! உடனே பதில் போடுன்னு அவசரப்படுத்தறான் பாரு, அதுவே திருட்டுப் புத்தி."

"சரிம்மா. மாமாவுக்கே போன் போட்டுக் கேட்டுடலாம். பிளாக்கை எடுக்கட்டுமா?"

கலைவாணியின் சிரிப்பு நின்றது.

அண்ணன் கலியாணசுந்தரம் ஜரிகை வியாபாரம் என்று சூரத்துக்குக் குடிபோனபோது வந்த சண்டை அது. அண்ணி அம்சாதான் அண்ணனைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனாள் என்பது கலைவாணியின் கட்சி. அன்றிலிருந்து இரண்டு பேர் நம்பரும் பிளாக்.

"நானா பேசமாட்டேன். அந்த அம்சா பேச்சே இந்த வீட்டுல கூடாது."

"அப்ப நிஜமாவே மாமா அனுப்பியிருந்தா? துளசி கல்யாணத்துக்கு நீ போகவேணாமா?"

கலைவாணி மகள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். துளசியைக் குழந்தையில் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான்.

"ஒண்ணு செய்யி. பத்திரிகையைத் தொடாதே. எங்க அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேளு. நான் முதமுதல்ல நெய்த புடவை என்ன ஆச்சுன்னு கேளு. திருடன் முழிக்கட்டும்."

"என்ன ஆச்சு?"

"கரை கோணிப்போச்சு. எங்கப்பா பார்த்திருந்தா தோலை உரிச்சிருப்பாரு. அண்ணன்தான் கமுக்கமா எடுத்துக்கினு போயி, வாலாஜாபாத்துல யாருக்கோ வித்துட்டு வந்துச்சு. ஈ காக்காவுக்குத் தெரியாது."

தேவிப்ரியா கேள்வியைத் தட்டி அனுப்பினாள்.

கலைவாணி அடுப்படிக்குப் போய் சாம்பாருக்குத் தாளித்தாள். கடுகு வெடித்து அடங்குவதற்குள் கூடத்திலிருந்து மகள் குரல் வந்தது.

"அம்மா! பதில் வந்திருச்சு!"

கரண்டியோடு ஓடிவந்தாள் கலைவாணி. "உளறியிருப்பானே?"

"'மாம்பழக் கலர். அரக்குக் கரை. முந்தானைகிட்ட ஒரு பக்கம் கரை கோணல். அதை விக்கலை கலைவாணி. வித்ததாச் சொன்னது பொய். இங்க பீரோவுலதான் இருக்குது. நீ நெய்த முதல் புடவையை எப்படி விக்கறது? போன மாசம் துளசி நிச்சயத்துக்குக்கூட அதைத்தான் கட்டிக்கிட்டேன்.'"

கலைவாணி கரண்டியைப் புடவைக் கட்டின் மேலேயே வைக்கப் போனாள். மகள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க அண்ணனேதான்டி! வேற யாருக்குத் தெரியும்? மாம்பழக் கலர்! விக்கவே இல்லையாமே!"

தேவிப்ரியா கடைசி வரியை மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.

"ஏம்மா, மாமா எப்போலேர்ந்து புடவை கட்டறாரு?"

கலைவாணி போனை வாங்கி, எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எங்க அண்ணன் எழுதலைன்னு நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று மூக்கை உறிஞ்சினாள். "பார்த்துக்கினு நிக்கறியே. முதல்ல எங்க அண்ணி நம்பரை பிளாக்லேர்ந்து எடுடி!"